பாட்டும் கூத்தும்: தீயவன் குரலில் பேசுவது தீவினையாகுமா?

கவிதையை மாணவர்க்குக் கற்பிப்பது எதற்காக? அதனை நாடகத்தோடு ஒப்பிட்டுக் காட்டுவது எதற்காக? தேர்வில் மதிப்பெண் பெறுவதற்காக என்பது எளிய விடை. அவ்விடை பொய்யன்று, ஆயினும் போதாது. என் வாழ்நாளின் பெரும்பகுதியைத் திண்டுக்கல் நகரிலும் அதனைச் சூழ்ந்த சமவெளிச் சிற்றூர்களிலும் ஆசிரியப் பணியிலும், பின்னர் ஆசிரியராக வருவோரைப் பயிற்றுவிக்கும் பணியிலும் கழித்தவள் நான். அக்காலமெல்லாம் என்னைத் தொடர்ந்து வந்த வினா ஒன்றுண்டு. அதனை இவ்விதழ் வாசகர்களாகிய தர்ம சகோதர சகோதரிகளின் சிந்தனைக்கு வைக்க விரும்புகின்றேன்.

வினா இதுதான்: கொலைக்குக் காரணமாகிய ஒருவனின் சொற்களை ஒரு குழந்தையின் வாயில் இட்டு, "நீ அவனாக நின்று பேசு" என்று சொல்ல ஆசிரியருக்கு உரிமை உண்டா? கவிதையைப் படிக்கும் மாணவன் கதைக்கு வெளியே நிற்கின்றான். தீயவனைத் தீயவன் என்று சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடலாம். நாடகத்திலோ அவனே அத்தீயவனின் உடையை உடுத்து, அவன் பொய்யைத் தன் நாவால் சொல்ல வேண்டும். மனம், மொழி, மெய் என்னும் மூன்றினாலும் கொல்லாமை காக்க வேண்டும் என்று கேட்டு வளர்ந்த வீடுகளில் இஃது எளிதில் தள்ளிவிடக்கூடிய ஐயமன்று. பெற்றோர் சிலர் இதனை என்னிடம் நேரிற் கேட்டதும் உண்டு.

நயம் என்னும் சொல்

முதலில் கவிதை வகுப்பின் நிலையை நோக்குவோம். நம் மாநிலத்துத் தமிழ்த் தேர்வுகளில் 'இலக்கிய நயம் பாராட்டுக' என்றொரு வினா நெடுங்காலமாக இருந்து வருகின்றது. திரண்ட கருத்து, எதுகை நயம், மோனை நயம், அணி நயம், சந்த நயம் எனத் தலைப்புகளை வரிசையாக மனப்பாடம் செய்து வைத்துக்கொண்டு, எந்தப் பாடல் வந்தாலும் அத்தலைப்புகளின் கீழ் நான்கு வரி எழுதிவிடுவது மாணவர் வழக்கம். பாடலைப் படித்து முடிக்கும் முன்பே "படிப்போர் உள்ளத்தைக் கொள்ளை கொள்கின்றது" என்று எழுதிவிடுகின்ற மாணவனைப் பாருங்கள். அவன் உள்ளம் கொள்ளை போகவில்லை. ஆயினும் போனதாக எழுதுகின்றான். உணராத ஒன்றை உணர்ந்ததாகச் சொல்வதற்கு வேறு பெயர் உண்டன்றோ? வாய்மை விரதத்தைப் பாடமாகப் படிக்கும் அதே பிள்ளை, தமிழ்த் தாளில் ஆண்டுதோறும் ஒரு சிறு பொய்யை எழுதப் பழகுகின்றது. கவிதை வகுப்பிலும் அறக்கேள்வி உண்டு என்பதற்கு இது போதுமான சான்று.

'நயம்' என்னும் சொல் நம்மவர்க்கு இன்னொரு பொருளையும் தரும். ஜைன தத்துவத்தில் நயம் என்பது ஒரு பொருளை ஒரு கோணத்திலிருந்து அறிவது. பொருளின் நிலைத்த தன்மையை நோக்குவது ஒரு நயம்; மாறும் நிலைகளை நோக்குவது மற்றொரு நயம். ஒரு நயத்தையே முழு உண்மை என்று சாதிப்பது ஏகாந்தம். நயங்கள் பலவற்றையும் உரிய இடத்தில் வைத்து அறிவது அநேகாந்தம். தமிழ்த் தேர்வின் நயமும் தத்துவ நயமும் ஒரே சொல் என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் 'நயம் பாராட்டுக' என்ற கட்டளையை 'எத்தனை கோணங்களிலிருந்து இதனைக் காண்கின்றாய் என்று சொல்' என மாற்றிப் படித்தால், வகுப்பறை உயிர் பெறுகின்றது.

சமந்தபத்திரர் ஆப்த மீமாம்சையில் காட்டும் பொற்குட உவமை நம்மில் பலருக்குத் தெரிந்ததே. பொற்குடத்தை உருக்கி முடி செய்கின்றார்கள். குடத்தை விரும்பியவர் வருந்துகின்றார். முடியை விரும்பியவர் மகிழ்கின்றார். பொன்னை மட்டும் நாடியவர் வருந்தவுமில்லை, மகிழவுமில்லை. நிகழ்ச்சி ஒன்று, உள்ளங்கள் மூன்று. தத்துவத்தை விளக்க வந்த அவ்வாசிரியர் மூன்று பாத்திரங்களைக் கொண்ட சிறு நாடகம் ஒன்றையன்றோ நம் முன் நிறுத்திவிட்டார்!

யார் சொல்கின்றார், யாரிடம் சொல்கின்றார்?

கவிதையும் நாடகமும் வேறு வேறு என்று பாடத்திட்டம் பிரிக்கின்றது. நம் பழைய இலக்கணம் அவ்வளவு கடுமையாகப் பிரிக்கவில்லை. அகப்பாடலின் நெறியைச் சொல்லுமிடத்துத் தொல்காப்பியம் நாடக வழக்கையும் உலகியல் வழக்கையும் சேர்த்தே சொல்கின்றது. சங்க அகப்பாடல்களில் புலவர் தம் குரலில் பேசுவதில்லை. தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், செவிலி பேசுவாள், தலைவன் பேசுவான். யார் கூற்று, யாரை நோக்கிய கூற்று என்பதைப் பாடலின் அடியில் உள்ள குறிப்புச் சொல்லும். அஃதாவது, நாம் கவிதை என்று படிப்பது ஒரு நாடகத்தில் ஒருவர் பேசும் பேச்சு.

ஆகவே ஆசிரியப் பயிற்சி மாணவியரிடம் நான் வற்புறுத்திய முதல் பாடம் இது: எதுகை மோனையைத் தேடுமுன் நான்கு வினாக்களைக் கேட்கச் செய்யுங்கள். யார் சொல்கின்றார்? யாரிடம் சொல்கின்றார்? அருகில் நின்று கேட்பவர் யார்? சொல்லாமல் விட்டது எது? இந்நான்கிற்கும் பாடலிலிருந்தே விடை காட்டும் மாணவன், பிறகு எதுகையைப் பற்றி எழுதினாலும் உண்மையாகவே எழுதுவான்.

எல்லா எழுத்தும் இவ்வாறு பல கோணம் தருவதில்லை. பழனிக்கு மேற்கே உள்ள ஐவர்மலைக் கல்வெட்டை எண்ணிப் பாருங்கள். வரகுண பாண்டியனின் 8ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது கி.பி. 870இல், குணவீரக் குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக் குரவர் அங்குள்ள பார்சுவ தீர்த்தங்கரர் திருவுருவத்தையும் இயக்கியர் உருவங்களையும் புதுப்பித்து, வழிபாட்டிற்கும் ஓர் அடிகளின் உணவிற்குமாக 505 காணம் பொன் அளித்தார் என்று அது தெரிவிக்கின்றது. யார், எப்போது, என்ன, எவ்வளவு என்பதில் ஐயத்திற்கு இடமில்லை. இடமிருந்தால் அது நல்ல சாசனமாகாது. கவிதையோ ஐயத்திற்கும் இடம் வைத்துப் பேசுகின்றது. நாடகம் அவ்விடத்தில் ஆட்களை நிறுத்திப் பேச வைக்கின்றது. இம்மூன்றையும் ஒரே வாரத்தில் அடுத்தடுத்துப் படிக்கச் செய்தால், எட்டாம் வகுப்புப் பிள்ளையும் வேறுபாட்டைத் தானே சொல்லும்.

நடந்த வழியும் நடவாத வழியும்

ஒப்பிட்டுக் கற்பிப்பதற்குச் சிலப்பதிகாரத்தினும் சிறந்த நூல் நமக்கில்லை. இயல், இசை, நாடகம் மூன்றும் விரவிய காப்பியம் அது. 3 காண்டங்களும் 30 காதைகளும் கொண்ட அதனை உ.வே.சாமிநாதையர் 1892இல் அச்சில் தந்தார். அதன் பின்னர் அக்கதை மேடைக்கும் திரைக்கும் பலமுறை சென்றது. 1942இல் 'கண்ணகி' என்றும் 1964இல் 'பூம்புகார்' என்றும் திரைப்படங்கள் வந்தன. பின்னதில் கவுந்தியடிகளாகத் தோன்றியவர் கே.பி.சுந்தராம்பாள் என்பது நம்மவர் பலருக்கு நினைவிருக்கும். சங்கரதாஸ் சுவாமிகளின் வழிவந்த கோவலன் நாடகம், மதுரை, திண்டுக்கல், புதுக்கோட்டை வட்டாரங்களில் ஸ்பெஷல் நாடகமாக ஊர்த் திருவிழாக்களில் விடிய விடிய நடிக்கப்பெற்றது. ஒரே குழுவினர் அல்லாத நடிகர்கள் ஒத்திகையின்றி அன்றிரவு மேடையில் சந்தித்து நடிப்பது அக்கலையின் மரபு. ஆகவே எம் பகுதி மாணவர் பலருக்குக் கண்ணகி முதலில் அறிமுகமாவது நூலில் அன்று. மேடையில், அல்லது திரையில்.

அவர்களிடம் காடுகாண் காதையைக் கொடுத்துப் படிக்கச் சொல்வேன். மதுரைக்குச் செல்லும் வழியில் மறையவன் ஒருவன் எதிர்ப்படுகின்றான். கொடும்பாளூர்க் குளக்கரையில் பாதை மூன்றாகப் பிரிவதையும், ஒவ்வொன்றிலும் காணப்போவது என்ன என்பதையும் விரித்துரைக்கின்றான். வலப்பக்கத்து வழியைச் சொல்லும்போது பாண்டியனின் சிறுமலை தோன்றுகின்றது. திண்டுக்கல் பிள்ளைகள் நாள்தோறும் காணும் மலையன்றோ அது! சிறுமலை வாழைப்பழம் சந்தைக்கு வருவதை அறிந்தவர்கள், அதே மலையும் அதன் வாழையும் பலாவும் இளங்கோவடிகளின் நூலில் இருப்பதைக் கண்டு வியந்து போவார்கள். அடுத்து அவர்கள் கேட்கும் கேள்வி: "அம்மா, கோவலனும் கண்ணகியும் நம் ஊர்ப்பக்கமா வந்தார்கள்?" இல்லை. அவர்கள் சிறுமலை வழியில் வரவில்லை, நடுவழியில் சென்றார்கள்.

மேடை நாடகத்திலோ திரைப்படத்திலோ இம்மூன்று வழிகளுக்கு இடமேது? நடிப்பவர் நடந்து காட்டும் வழி ஒன்றே அங்கு உண்டு. காப்பியத்தில் நடவாத வழிகளும் உண்டு. அவற்றின் மரங்களும் மலைகளும்கூட உண்டு. நாடகம் நிகழ்ந்ததைக் கண்முன் நிறுத்தும். கவிதை நிகழாது போனதையும் சேர்த்துச் சுமக்கும். கோவலன் வேறு வழியில் சென்றிருந்தால், ஒரு நாள் முன்னோ பின்னோ மதுரையை அடைந்திருந்தால், அப்பொற்கொல்லன் எதிர்ப்பட்டிருப்பானா? இக்கேள்வியை நூலில் யாரும் கேட்கவில்லை. ஆயினும் படிப்பவர் உள்ளத்தில் அது எழுகின்றது. ஊழ்வினையின் வலிமையைச் சொல்ல வந்த நூல், எடுத்துக்கொள்ளாத வழிகளையும் இவ்வளவு அழகாகக் காட்டியிருப்பதன் பொருள் என்ன என்று பதினான்கு வயதுப் பிள்ளைகள் வாதிட்டதைக் கேட்டிருக்கின்றேன். கவிதையை ஆராய்வது என்பது அதுதான்.

பொற்கொல்லன் வேடம்

நாடகத்தின் வலிமையை உணர்த்துவதற்குக் கொலைக்களக் காதை. பாண்டிமாதேவி ஊடிச் சென்றிருக்கின்றாள். அவளைத் தணிவிக்க அரசன் விரைகின்றான். அவ்வேளை பார்த்துப் பொற்கொல்லன் அவன் காலில் விழுந்து, சிலம்பு திருடியவன் அகப்பட்டான் என்கின்றான். விசாரணை இல்லை. அவன் கையில் தேவியின் சிலம்பு இருந்தால் கொன்று அதனைக் கொண்டுவாருங்கள் என்று காவலர்க்கு ஆணை பிறக்கின்றது. சென்ற காவலர்களோ உடனே வாளை எடுக்கவில்லை. கோவலனைப் பார்த்து, இவன் தோற்றம் கள்வன் தோற்றமாக இல்லையே என்று தயங்குகின்றார்கள். பொற்கொல்லன் சிரித்துக்கொண்டே களவு நூல் பேசுகின்றான். மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி எனக் கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று அடுக்குகின்றான். இளைஞன் ஒருவன் தான் முன்பு கண்ட கள்வனின் கதையைச் சொல்கின்றான். பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, கல்லாத கள்ளுண்டவன் ஒருவன் வாளை வீசிவிடுகின்றான். முடிந்தது.

இதனைப் படித்தால் மாணவர் வருந்துவர். நடித்தால் அவர்களுக்குப் புரிவது வேறு. தயங்கிய காவலனாக நின்ற பிள்ளை, "எனக்குச் சந்தேகம் இருந்தது, ஆனாலும் நான் தடுக்கவில்லை" என்று பின்னர் எழுதுவான். அரசனாக நின்றவன், தான் தேவியிடம் செல்லும் அவசரத்தில் இருந்ததை உணர்வான். அநீதி பெரும்பாலும் கொடியவர்களால் மட்டும் நிகழ்வதில்லை. அவசரக்காரராலும் ஐயத்தை விழுங்கிக்கொண்டவராலும் நிகழ்கின்றது என்பதை எந்த விரிவுரையாலும் இவ்வளவு விரைவில் உணர்த்த முடியாது.

ஆனால் பொற்கொல்லன் வேடத்தை யாருக்குக் கொடுப்பது? அரசனாக எல்லாரும் முன்வருவர். பொற்கொல்லனாக ஒருவரும் வருவதில்லை. கொடுத்தால் வீட்டிலிருந்து வினா வரும். அகிம்சை நெறியில் ஊன்றிய தாய் ஒருவர் கேட்டது இது: "மாக்கோழியை வெட்டியதே பாவம் என்கின்றதே யசோதர காவியம், என் மகன் மேடையில் ஒருவனைக் காட்டிக்கொடுத்துக் கொல்விப்பது மட்டும் விளையாட்டா?"

இதனினும் வலிமையாக இவ்வினாவை எழுப்ப முடியாது. யசோதரன் உயிர்ப்பலிக்கு உடன்படவில்லை. தாய் சந்திரமதி வற்புறுத்தவே, மாவினாற் செய்த கோழியைச் சண்டமாரி முன் வெட்டுகின்றான். உயிரற்ற மாதானே என்று வினை அவர்களை விட்டுவிடவில்லை. தாயும் மகனும் விலங்காகவும் பறவையாகவும் பிறவிதோறும் துன்புற்றார்கள். கொலைக்கு வேண்டியது உயிருள்ள உடல் மட்டுமன்று, கொல்லும் எண்ணமே என்பது அக்காவியத்தின் முடிபு. கிரேக்க நாட்டுப் பிளேட்டோவும் தம் 'குடியரசு' நூலில் ஏறத்தாழ இவ்வச்சத்தையே வெளியிட்டார். கவிஞர் தம் குரலில் எடுத்துரைப்பது ஒன்று, பிறர் குரலில் அவராகவே பேசுவது மற்றொன்று என்று பிரித்து, நாடு காக்க வேண்டிய இளைஞர் தீயோரைப் போல நடித்தால் அப்பழக்கம் இயல்பாகவே ஒட்டிக்கொள்ளும் என்றார்.

நடிப்பு ஒட்டுவதே இல்லை என்று சொல்லித் தப்பிவிட முடியுமா? முடியாது. சிறுவயதில் அரிச்சந்திர நாடகத்தைப் பார்த்துவிட்டு, அதனை எண்ணற்ற முறை தமக்குள்ளேயே நடித்துப் பார்த்ததாகக் காந்தியடிகள் தம் சுயசரிதத்தில் எழுதியுள்ளார். அவருடைய வாய்மைக்கு அந்நாடகம் வித்திட்டது என்று மகிழ்ச்சியோடு கூறுகின்றோம். நல்ல வேடம் நன்மையை வளர்க்கும் என்று ஒப்புக்கொண்டுவிட்டு, தீய வேடம் எதையும் செய்யாது என்று எவ்வாறு சொல்ல இயலும்? ஒரு கையால் பெற்றதை மறுகையால் மறுப்பது நேர்மையாகாது.

விடையும் அதன் எல்லையும்

ஆயினும் அத்தாய் எடுத்துக்காட்டிய காவியத்தையே இறுதிவரை படித்துப் பார்ப்போம். மாக்கோழியின் கதையைச் சொல்வது யார்? அபயருசி, அபயமதி என்னும் இளந்துறவியர். முற்பிறப்பில் யசோதரனும் சந்திரமதியுமாக இருந்தவர்கள் அவர்களே. பலியிடுவதற்காகப் பிடித்துவரப்பட்டு, மாரிதத்த மன்னன் முன் நிற்கின்றார்கள். வெட்டவிருக்கும் வாளின் முன் நின்று, வெட்டியவனின் எண்ணத்தை, அவனைத் தூண்டிய தாயின் சொல்லை, அஞ்சாமல் எடுத்துரைக்கின்றார்கள். கேட்ட மன்னன் பலியைக் கைவிட்டு அறத்தின்பால் திரும்புகின்றான். அக்கொலையின் சொற்கள் இரண்டாம் முறை ஒலிக்கும்போது வினையைக் கூட்டவில்லை. ஒரு கொலையைத் தடுத்தன.

இரண்டிற்கும் வேறுபாடு எங்கே? மாக்கோழியை வெட்டியபோது அது கொலைக்கு ஈடாக நின்றது; தெய்வத்திற்குக் கொலையாகவே படைக்கப்பெற்றது. வெட்டுவதே நோக்கம். எடுத்துரைத்தபோது அறிவதும் அறிவிப்பதும் நோக்கம். பொற்கொல்லனாக நிற்கும் பிள்ளை, 'பொய் இவ்வாறுதான் இனிக்க இனிக்கப் பேசும்' என்று தானும் அறிந்து பார்ப்போரும் அறியச் செய்தால், அது மாக்கோழியன்று. வேடம் ஒரு பரியாயம். உள்ளிருக்கும் பிள்ளை வேறு. ஆனால் அப்பிள்ளை கைதட்டலுக்காகக் கொடுமையைச் சுவைத்து நடிக்கத் தொடங்கினால், அது மாக்கோழிக்கு அருகில் சென்றுவிட்டது. வேறுபாடு நோக்கத்தில் உள்ளது. நோக்கமோ கண்ணுக்குத் தெரிவதன்று. ஆகவே ஆசிரியரின் விழிப்பு வேண்டும்.

விழிப்பு எத்தகையது என்பதற்குச் சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றி நாடக உலகில் வழங்கிவரும் செய்தி ஒன்றைச் சொல்லலாம். சனீசுவரன் வேடம் புனைந்து நடித்துவிட்டு, வைகறையில் வேடம் கலைக்க நீர்நிலைக்குச் சென்றபோது, எதிரே வந்த பெண் ஒருத்தி அவ்வுருவத்தைக் கண்ட அதிர்ச்சியில் உயிர்நீத்தாள் என்றும், அதன்பின் அவர் வேடம் புனைவதையே விட்டுவிட்டார் என்றும் கூறுவர். அவருக்குக் கொல்லும் எண்ணம் துளியும் இல்லை. ஆயினும் "என் மேல் குற்றமில்லை" என்று இருந்துவிடவில்லை. நாடகத்தையும் விட்டுவிடவில்லை. நாடகங்கள் எழுதினார், 1918இல் மதுரையில் சிறுவர் நாடகக் குழு அமைத்து 1922இல் மறையும் வரை பயிற்றுவித்தார். பிரமத்தம், அஃதாவது விழிப்பின்மை, அதனால் உயிர்க்கு நேரும் ஊறே இம்சை என்பது தத்துவார்த்த சூத்திரம் தரும் இலக்கணம். கலையைக் கைவிடாமல் விழிப்பைக் கூட்டிக்கொண்ட அப்பெருமகனின் வழி நம் நெறிக்கு அயலானதன்று.

இவற்றையெல்லாம் எண்ணி, பயிற்சிக்கு வந்த இளம் ஆசிரியர்களுக்குச் சில நடைமுறைகளைச் சொல்லி வந்தேன்.

ஒன்று, நடிக்குமுன் மூலக் கவிதையை முழுவதும் படிக்க வேண்டும். கவிதை தரும் தொலைவு முதலில் மனத்தில் அமைந்தால்தான் நாடகத்தின் நெருக்கம் நன்மை செய்யும்.

இரண்டு, வேடங்களை மாற்றிக் கொடுக்க வேண்டும். இன்று கண்ணகியாக நின்றவள் நாளை காவலனாகவும், மறுநாள் பொற்கொல்லனாகவும் நிற்கட்டும். ஒரே பிள்ளைக்குத் தீயவன் வேடத்தையே கொடுத்து, அப்பெயரால் மற்றவர் அவனை அழைக்கவிடுவது ஆசிரியர் செய்யும் இம்சை.

மூன்று, கொலையை நடித்துக் காட்ட வேண்டா. வாள் ஓங்குமிடத்தில் திரை விழட்டும். அடுத்த காட்சியில் ஆய்ச்சியர் சேரியில் செய்தி வரட்டும். கண்ணகி அதனைக் கேட்டல்லவா அறிந்தாள்!

நான்கு, நாடகம் முடிந்தபின் ஒவ்வொருவரும் தம் சொந்தக் குரலில் ஒரு பக்கம் எழுத வேண்டும். 'நான் யாராக நின்றேன்? எந்தச் சொல்லைச் சொல்லக் கூசினேன்? எந்தச் சொல் எளிதாக வந்தது?' அன்றாடம் செய்தவற்றைத் திரும்பிப் பார்க்கும் பிரதிக்கிரமணத்தை அறிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இஃது எளிதில் விளங்கும். எளிதாக வந்த சொல்லைப் பற்றி எழுதுவதுதான் கடினம். பயனும் அதில்தான்.

ஐந்து, பார்ப்பவர்க்கும் பாடம் உண்டு. ஸ்ரீபுராணத்தில் நீலாஞ்சனையின் நடனத்தை நினையுங்கள். ஆடிக்கொண்டிருக்கையிலேயே அவள் ஆயுள் முடிந்து மறைகின்றாள். இந்திரன் அக்கணமே அவளைப் போன்ற மற்றொருத்தியை நிறுத்திவிடுகின்றான். தாளம் தவறவில்லை, அவையோர் அறியவில்லை. விருஷப தேவர் ஒருவர் மட்டும் அந்த இடைவெளியைக் கண்டார்; துறவு பிறந்தது. ஒரே ஆட்டத்தை அனைவரும் பார்த்தனர், பார்த்தது ஒருவரே. கவிதையில் சொல்லாமல் விட்டதையும் நாடகத்தில் பேசாமல் நின்றவரையும் காணப் பழகுவதே இலக்கிய ஆராய்ச்சியின் உயர்ந்த நிலை.

வீட்டிலும் ஒரு மேடை

இக்காலப் பெற்றோர்க்கு ஒன்று சொல்ல வேண்டும். பள்ளி நாடகத்தில் பொற்கொல்லன் வேடம் வேண்டா என்று தடுக்கும் நாம், அதே பிள்ளையின் கையில் உள்ள கைபேசி விளையாட்டை எண்ணிப் பார்க்கின்றோமா? அங்கே எதிரே வரும் உருவங்களைச் சுட்டு வீழ்த்துவதே ஆட்டம். வீழ்த்தியவரின் எண்ணிக்கையே வெற்றி. அவ்வுருவங்களுக்கு உயிரில்லை என்பது உண்மை. மாக்கோழிக்கும் உயிரில்லை. அங்கே வீழ்பவனின் பெயர் தெரியாது. அவனுக்கு மனைவி இல்லை, அவளுக்குச் சிலம்பு இல்லை, அவள் வந்து நீதி கேட்பதில்லை. கவிதையின் தொலைவும் இல்லை. நாடகத்தின் நெருக்கமும் இல்லை. வீழ்த்தும் எண்ணம் ஒன்றே மிச்சம். யசோதர காவியத்தின் எச்சரிக்கை எந்த மேடைக்கு மிகுதியாகப் பொருந்துகின்றது என்பதை அந்தந்த வீட்டார் எண்ணிப் பார்க்கட்டும். கைபேசியைப் பிடுங்குவதால் மட்டும் விடை கிடைத்துவிடாது. அதற்கு ஈடாக எதைக் கொடுக்கின்றோம் என்பதே கேள்வி.

கொடுப்பதற்கு நம்மிடம் வறுமையில்லை. கும்பகோணத்துச் சமண இல்லங்களில் சீவக சிந்தாமணியைப் பலர் கூடி முறையாகப் படித்துப் பொருள் கேட்டு வந்தனர். அவர்களிடம் கேட்டுத் தெளிந்ததும் துணை செய்யவே உ.வே.சாமிநாதையர் 1887இல் அந்நூலைப் பதிப்பித்தார். அவ்வழக்கத்தைப் பெரிய அளவில் மீட்க முடியாவிட்டாலும், ஞாயிறு மாலையில் அரைமணி நேரம் ஒரு காதையைப் படிக்கலாம். பாட்டி கவுந்தியடிகளாகட்டும், பேரன் காவலனாகட்டும், தந்தை தாமே பொற்கொல்லனாகட்டும். தந்தை பேசும் அப்பொய்யைக் கேட்டுப் பிள்ளை சிரித்து, பிறகு மௌனமாகும் கணம் ஒன்று வரும். அப்போது எதையும் விளக்க வேண்டா.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவிற்கு என் விடை இது: தீயவன் குரலில் பேசுவது தன்னளவில் தீவினையன்று, விழிப்பின்றிப் பேசுவதும் சுவைத்துப் பேசுவதும் தீவினைக்கு வழி. கவிதை, சற்று விலகி நின்று முழுவதையும் நோக்கக் கற்பிக்கின்றது. நாடகம், உள்ளே சென்று ஒருவனாக நின்று நோக்கக் கற்பிக்கின்றது. விலகி மட்டும் நிற்பவன் எளிதில் பிறரைப் பழிப்பான். உள்ளே மட்டும் நிற்பவன் எளிதில் மயங்குவான். இரண்டும் அறிந்தவனே தீர்ப்புச் சொல்லத் தகுதியுடையவன். பாண்டியன் கெட்டது தீயவன் என்பதால் அன்று. ஒரே ஒரு குரலைக் கேட்டுவிட்டுப் போதும் என்று எண்ணியதால். மறு குரல் சிலம்போடு அவைக்கு வந்தபோது அவன் கேட்டான்; தன் பிழையைத் தானே உரைத்து உயிர் விட்டான். நம் பிள்ளைகள் அந்த மறு குரலைக் காலம் கடக்குமுன் கேட்கக் கற்றுக்கொண்டால், தமிழாசிரியர்கள் தம் கடமையைச் செய்தவர்களாவர்.

அறம் வளர்க.